ஏழு கிலோவுக்குள் ஒரு கொலு

நவராத்திரிக்கு முந்தைய வாரங்களில் சென்னையிலிருந்து மும்பைக்கு வரும் விமானங்களில் ஒரு சிறு வாக்குவாதம் மீண்டும் மீண்டும் நிகழ்கிறது. பெரும்பாலும் ஐம்பதைக் கடந்த ஒரு பெண், பழைய பருத்திப் புடவையில் சுற்றிய பொதி ஒன்றை மடியில் வைத்து அமர்ந்திருப்பார். விமானம் கிளம்புமுன் அதை மேலே உள்ள பெட்டகத்திலோ முன்னிருக்கையின் அடியிலோ வைத்தாக வேண்டும் என்பார் பணியாளர். மேலே வைத்தால் பிறருடைய சக்கரப்பெட்டி இடிக்கும். கீழே வைத்தால் கால் படும். கால் படுவதில் அவருக்கு இரண்டு சிக்கல்கள். பொம்மை உடையும் என்பது ஒன்று. அது பெருமாள் என்பது மற்றொன்று.

அந்தப் பொதி போய்ச் சேரும் இடம் பல வேளைகளில் மாட்டுங்கா. அங்கிருந்து செம்பூருக்கும் முலுண்டுக்கும் தோம்பிவிலிக்கும் குடிபெயர்ந்த வீடுகளையும் சேர்த்துக்கொள்ளலாம். உடையும் பொருளை விமானத்தில் எப்படிக் கொண்டுவருவது என்பதை வீட்டுக் குறிப்பாக மட்டுமே பலரும் பார்க்கின்றனர். உண்மையில் அது பண்பாட்டு ஆய்வாளரின் மேசைக்கு வரவேண்டிய கேள்வி. கைப்பை விதி, எவரும் திட்டமிடாமலேயே, மும்பைத் தமிழரின் கொலுவில் எந்தப் பொம்மை இடம்பெறலாம், எது கூடாது என்பதைத் தீர்மானிக்கத் தொடங்கிவிட்டது.

மாட்டுங்காவின் குடியிருப்பு வரலாறு இங்குத் தேவைப்படுகிறது. 1896-இல் பம்பாயைத் தாக்கிய பிளேக் நோய்க்குப் பின், 1898-இல் அமைந்த நகர மேம்பாட்டு அறக்கட்டளை தாதர், மாட்டுங்கா பகுதிகளை அகன்ற தெருக்களோடு வகுத்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் ரயில்வேயிலும் வங்கிகளிலும் வணிக அலுவலகங்களிலும் எழுத்தராகவும் தட்டச்சராகவும் வந்த தென்னிந்தியர் அங்கே வாடகைக்குக் குடியேறினர். 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கமும், 1952-இல் சண்முகானந்த சபையும் தோன்றின. அந்தத் தலைமுறைக்குப் பொம்மைகள் ரயிலில் வந்தன. தாதர் நிலையம் பக்கத்திலேயே இருந்தது. தகர டிரங்குப் பெட்டியில் வைக்கோலை அடைத்து, அதனுள் புதைத்து, பெட்டியின் மேல் ஒருவர் படுத்துறங்கியபடி ஏறத்தாழ ஒருநாள் பயணம். எடை பற்றி எவரும் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை. கூலிக்காரருக்கு எவ்வளவு கொடுப்பது என்பது மட்டுமே பேச்சு.

காஞ்சிபுரத்துப் பொம்மைக்காரத் தெரு, பண்ருட்டி வட்டாரம், மதுரையை அடுத்த விளாச்சேரி, சென்னையின் கொசப்பேட்டை ஆகியவை மண்பொம்மைக்குப் பெயர்பெற்ற இடங்கள். முன்பாதிக்கு ஓர் அச்சு, பின்பாதிக்கு ஓர் அச்சு. இரண்டிலும் மண்ணை அழுத்தி எடுத்து, ஈரம் வற்றுமுன் ஒட்டி, தைப்புக்கோட்டை விரலால் தேய்த்து மறைப்பர். உள்ளே வெற்றிடம், அடியில் சூடு வெளியேற ஒரு துளை. நீட்டிய கை, வீணை, புல்லாங்குழல், குடை, திருவாசி ஆகியவை தனியே செய்து ஒட்டப்படுபவை. ஆகவே ஒரு மண்பொம்மை எங்கே உடையும் என்பது சூளைக்குப் போகும்முன்பே ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது: கழுத்து, மணிக்கட்டு, கையில் ஏந்திய பொருள். செய்தவருக்கு இது தெரியும். விற்பவருக்கும் தெரியும். விமான நிலையத்தில் பெட்டியைத் தூக்கிப் பட்டையில் போடுபவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவருக்கு நேரமும் கிடையாது.

விமானத்தின் சரக்கறையில் காற்றழுத்தம் குறைந்து பொம்மை வெடிக்கும் என்றொரு நம்பிக்கை பரவியிருக்கிறது. பயணிகள் விமானங்களில் சரக்கறைக்கும் அழுத்தம் ஊட்டப்படுகிறது. அடியில் துளையுள்ள பொம்மைக்கு அழுத்தத்தால் கேடில்லை. பட்டையிலிருந்து விழும் வீழ்ச்சியும், மேலே அடுக்கப்படும் பிற பெட்டிகளின் கனமுமே உண்மையான எதிரிகள். ஆகவே கையில் கொண்டுவருவதே சரி என்ற பாட்டிமாரின் முடிவு பிழையில்லை. பாதுகாப்பின் பொருட்டு அருங்காட்சியகங்களும் சில அரும்பொருள்களைக் காப்பாளர் ஒருவரின் கைவசம் கொடுத்துப் பயணியர் அறையிலேயே அனுப்புவதுண்டு. அங்கே அது தொழில்முறை; இங்கே அது பிடிவாதம் என்று பெயர் பெறுகிறது.

இனி கணக்கு. இந்திய உள்நாட்டு விமானங்களில் சாதாரண வகுப்புப் பயணிக்குப் பொதுவாக ஒரு கைப்பை, 7 கிலோ. பரவலாகக் கேட்கப்படும் அளவு 55, 35, 25 செண்டிமீட்டர். சுற்றிலும் ஐந்து செண்டிமீட்டர் பஞ்சோ துணியோ வைத்தால் பொம்மைக்கு மிஞ்சுவது 45, 25, 15 செண்டிமீட்டர். திருவாசியுடன் அமர்ந்த துர்க்கையின் அகலம் பெரும்பாலும் இதில் அடங்காது. நின்ற கோலத்து மெலிந்த கிருஷ்ணன் அடங்குவான். தசாவதாரம் பத்தும் ஒரே பயணத்தில் வர வழியில்லை; மச்சமும் கூர்மமும் ஓராண்டு, வராகமும் நரசிம்மமும் மறு ஆண்டு என்று தவணையில் வருகின்றன. இடையில் அச்சு மாறிவிட்டால், அல்லது வண்ணம் பூசும் கை மாறிவிட்டால், ஒரே படியில் நிற்கும் பத்து அவதாரங்களும் வெவ்வேறு குடும்பத்தாரைப் போலத் தோன்றும். மாட்டுங்காவில் அண்மைக் காலத்தில் சேர்க்கப்பட்ட கொலுக்களை உற்றுப் பார்ப்பவர் இதைக் காணலாம்.

இதன் அடுத்த கட்டம் வாங்குபவரின் கேள்வியில் தொடங்குகிறது: “எடை குறைவாக, உடையாததாக ஏதாவது உண்டா?” காகிதக்கூழ்ப் பொம்மை இதற்கொரு பழைய, மதிப்பான விடை, அதற்கென்றே கைத்திறனும் மரபும் உண்டு. ஃபைபர் பொம்மை அப்படியன்று. அதன் கூர்மை அச்சினுடையது. மண்ணை அழுத்திய விரலின் தடம் அதில் இல்லை. இதில் இந்தியாவுக்கு முன்னுதாரணம் கல்கத்தாவின் குமார்துலி. அங்கே துர்க்கைச் சிலை வைக்கோலும் மண்ணும் கொண்டு செய்யப்படுவது. வெளிநாட்டு வங்காளிகளுக்கு அனுப்புவதற்கென்று ஃபைபர் கண்ணாடியிலும் சோலாத் தக்கையிலும் செய்யும் கிளைத்தொழிலே அங்குத் தோன்றிவிட்டது. போக்குவரத்து முறை கலைப்பொருளின் உடலை மாற்றுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

மும்பையிலேயே ஓர் எதிர்நிலை இருக்கிறது. விநாயக சதுர்த்திக்கு ராய்காட் மாவட்டத்துப் பேண் நகரிலிருந்து மண் விநாயகர்கள் வருகின்றனர். அவர்கள் கரைவதற்காகச் செய்யப்படுபவர்கள். சில நாள் தாங்கினால் போதும். கொலு பொம்மையோ தங்குவதற்காகச் செய்யப்படுவது. பேத்திக்குப் போய்ச் சேர வேண்டியது. இரண்டும் மண்தான். ஆனால் ஒன்றின் உடைவு சடங்கின் நிறைவு. மற்றதன் உடைவு ஒரு குடும்பத்தின் நினைவில் விழும் ஓட்டை.

சட்டம் இந்த உடையும் தன்மையை எப்படிப் பெயரிடுகிறது என்பது மொழியியலாளருக்குச் சுவையான இடம். 1999-ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கையில் இந்தியா 2009-இல் இணைந்தது. 1972-ஆம் ஆண்டின் வான்வழிப் போக்குவரத்துச் சட்டத்தின் வழியே அது இங்கே செல்லுபடியாகிறது. அதன் 17-ஆம் பிரிவின்படி, ஒப்படைத்த பெட்டி நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கும்போது சேதமானால் நிறுவனமே பொறுப்பு. ஒரு விலக்கு உண்டு: பொருளிடம் இயல்பாக அமைந்த குறையோ தன்மையோ கேடோ சேதத்துக்குக் காரணமானால், அந்த அளவுக்குப் பொறுப்பில்லை. குறை, தன்மை, கேடு ஆகிய மூன்றும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. மண்ணின் தன்மையே அதன் குற்றமாக வாசிக்கப்பட இடம் கிடைக்கிறது. கைப்பைக்கோ விதி வேறு: நிறுவனத்தின் அல்லது அதன் ஊழியரின் தவறு என்று காட்டினால் மட்டுமே பொறுப்பு. மேற்பெட்டகத்தில் யாரோ ஒரு பயணியின் பெட்டி இடித்து நரசிம்மரின் கை போனால், கேட்பதற்கு ஆளில்லை.

இது போதாதென்று ஒரு சீட்டு வேறு உண்டு. உடையும் பொருளைச் சரக்கறைக்குக் கொடுக்க முன்வந்தால், சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பன்று என்று பயணியிடம் கையொப்பம் வாங்கிப் பெட்டியில் கட்டும் வழக்கம் அது. கண்ணாடிக் கிண்ணம் வரைந்த ஒட்டியும் ஒட்டப்படும். கவனமாகக் கையாளுக என்ற ஏவல் வாக்கியத்தை ஒட்டிவிட்டு, கையாளுபவருக்குப் பொறுப்பில்லை என்று எழுதி வாங்கும் இந்த இரட்டைச் செய்கை, ஏவலுக்கும் கடமைக்கும் உள்ள தொடர்பைக் கற்பிக்கும் வகுப்பில் எடுத்துக்காட்டாக வைக்கத் தக்கது.

பெயரிடும் சிக்கல் பாதுகாப்புச் சோதனை மேசையிலும் தொடர்கிறது. ஊடுகதிர்த் திரையில் சுட்ட மண் இருண்ட கட்டியாகத் தெரியும். பையைத் திறக்கச் சொல்வது காவலரின் கடமை. “என்ன இது?” என்ற கேள்விக்குத் தமிழில் பொம்மை என்ற ஒரே சொல் போதும். கன்னடத்தில் கொம்பெ, தெலுங்கில் பொம்ம என உறவுச் சொற்கள் இதே பொருளைச் சுமக்கின்றன. அங்கெல்லாம் விளையாட்டுப் பொருளும் வழிபடத்தக்க உருவும் ஒரே சொல்லுக்குள் இணங்கி வாழ்கின்றன. இந்தியில் அந்த இணக்கம் இல்லை. ‘குடியா’ என்றால் காவலர் சிரிப்பார். ஐம்பது வயதுப் பெண்ணுக்கு எதற்குக் குழந்தையின் பொம்மை? ‘மூர்த்தி’ என்றால் மரியாதை கிடைக்கும். கூடவே எவ்வளவு பழையது, எந்தக் கோயில் என்ற கேள்வியும் வரலாம். ‘ஷோபீஸ்’ என்றால் எந்தக் கேள்வியும் வராது, ஆனால் சொன்னவருக்கே மனம் ஒப்பாது. மாட்டுங்கா மாமிகள் இந்த மூன்றுக்கும் இடையே சூழலுக்கேற்பத் தாவும் லாவகம் தனியே பதிவுசெய்யத் தக்கது.

சொல் கிடைத்தால் விதி கிடைக்கும் என்பதற்கு இரு முன்னிகழ்வுகள் உண்டு. அமெரிக்காவில் 2012-ஆம் ஆண்டின் விமானப் போக்குவரத்துச் சட்டம் இசைக்கருவிகளைத் தனிவகையாக ஏற்றது. வயலின், கிதார் போன்ற சிறு கருவிகளைப் பெட்டகத்தில் இடமிருந்தால் கைப்பையாகவே ஏற்க வேண்டும் என்னும் அரசு விதி 2015-இல் நடைமுறைக்கு வந்தது. இசைக்கலைஞர்களுக்குச் சங்கங்கள் இருந்தன. அவர்கள் விடாமல் கேட்டனர். இரண்டாவது நிகழ்வு இந்தியாவில். விமானத்தின் கைப்பையில் தேங்காய்க்கு அனுமதி இல்லாதிருந்தது. 2024 அக்டோபரில் ஒன்றிய அரசு, சபரிமலைப் பயணிகள் இருமுடியில் தேங்காயைக் கையோடு கொண்டுசெல்ல 2025 ஜனவரி 20 வரை தற்காலிக அனுமதி அளித்தது. சோதனைகள் அனைத்தும் இருந்தன. விலக்கு அளிக்கப்பட்டது சோதனையிலிருந்து அன்று, தடையிலிருந்து மட்டும். ஒரு பருவம், ஒரு சடங்குப் பொருள், ஒரு கால எல்லை என்ற வடிவில் நிர்வாகம் சிந்திக்க வல்லது என்பதை இது காட்டுகிறது.

கொலு பொம்மைக்காக எவரும் இதுவரை அப்படி ஒன்றுகூடிக் கேட்டதாகத் தெரியவில்லை. பொம்மையைச் சுமப்போர் பெரும்பாலும் பெண்கள். அவர்களுக்குச் சங்கம் கிடையாது. பொம்மையைச் செய்வோருக்கு மும்பை விமான நிலையம் மிகத் தொலைவு. கேட்க வேண்டிய சபாக்களோ கச்சேரிக்கு வரும் வீணையைப் பற்றிப் பேசும். படியில் வைக்கும் வீணை சரசுவதியைப் பற்றிப் பேசுவதில்லை.

விதிகளை எளிதில் பழிக்கவும் கூடாது. தலைக்கு மேல் உள்ள பெட்டகத்தில் கட்டுக்கடங்காத எடை ஏறினால் அது எல்லோருக்கும் ஆபத்து; தரையிறங்கும்போது மடியில் மூன்று கிலோ மண்ணை வைத்திருப்பது அருகில் இருப்பவருக்கும் ஆபத்து. கேட்கத் தக்கது பெரிய சலுகை அன்று. ஆவணி, புரட்டாசி மாதங்களில் எடை வரம்புக்குள் அடங்கும் ஆனால் வடிவத்தில் மாறுபடும் கைவினைப் பொதிக்கு அளவில் சிறிது நெகிழ்வு. முன்னதாக விமானம் ஏறும் வரிசையில் அவருக்கோர் இடம். பொதியைத் திறந்தால் மூடுவதற்கு ஒரு மேசையும் ஐந்து நிமிடமும். இந்த மூன்றுக்கும் பெரிய செலவு எதுவும் இல்லை.

இதைவிடக் கடினமான பயணம் ஒன்று உண்டு. அது மும்பைக்கு வருவதன்று, மும்பையிலிருந்து கிளம்புவது. மாட்டுங்காவின் பழைய வாடகைக் கட்டடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இடிக்கப்பட்டு உயர்ந்த கோபுரங்களாக எழுகின்றன. இடிக்குமுன் பரண்கள் காலியாகின்றன. பரணிலிருந்து இறங்கும் டிரங்குப் பெட்டியில் கொள்ளுப்பாட்டியின் பொம்மைகள் இருக்கும். அவற்றை வைத்துக்கொள்ள விரும்பும் பேத்தி நியூ ஜெர்சியிலோ சிட்னியிலோ இருப்பார். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டத்தின்படி, நூறாண்டுக்குக் குறையாமல் இருந்துவரும் சிற்பமோ கைவினைப் பொருளோ தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல இயலாது. கோயில் ஐம்பொன் சிலைகள் களவுபோவதைத் தடுக்க அந்தச் சட்டம் மிகவும் தேவை, அதில் ஐயமில்லை. ஆனால் 1925-இல் கல்யாணச் சீராக வந்த ஒரு செட்டியார் பொம்மையும் அதே வரையறைக்குள் விழக்கூடும். ஒவ்வொரு நவராத்திரியிலும் ஒரு வரிசைப் பொம்மைகள், படியில் நின்றபடியே, அந்த வயதை எட்டிக்கொண்டிருக்கின்றன.

அந்தப் பொம்மையின் வயதுக்கு ரசீது கிடையாது. பேத்தியிடம் இருப்பது “அம்மாவோட அத்தை கொண்டுவந்தது” என்னும் உறவுமுறைத் தொடர் மட்டுமே. தொல்பொருள் அன்று என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் பெறலாம். விமான நிலையத்தில் சுங்க அதிகாரிக்கு ஐயம் எழுந்தபின் அதைத் தேடுவது காலம் கடந்த செயல். பயணத்துக்கு வாரங்கள் முன்பே பொம்மையைப் படம் எடுத்து, அளந்து, குடும்பத்தார் நினைவில் உள்ள வரலாற்றை எழுதி, துறையை அணுக வேண்டும். நூறாண்டு கடந்தது என்று முடிவானால் அது இந்தியாவிலேயே தங்கும். அப்போது அது எங்கே தங்கும் என்பதுதான் கேள்வி. மும்பையின் எந்த வளாகமும் தமிழர் வீட்டுக் கொலுவை ஆவணமாகச் சேர்க்க முன்வரவில்லையெனில், சட்டம் காத்த பொம்மை பழைய பொருள் கடைக்குப் போகும். பல்கலைக்கழகத் துறைகளும், அலமாரிகளில் பரிசுக்கோப்பைகளை அடுக்கிவைத்திருக்கும் மாட்டுங்காக் கல்வி நிறுவனங்களும், இதில் ஒரு தட்டையேனும் ஒதுக்கலாம்.

தாராவியின் கும்பார்வாடாவைச் சுட்டிக்காட்டி, நடந்து போகும் தொலைவில் குயவர்கள் இருக்கையில் காஞ்சியிலிருந்து எதற்கு என்று கேட்பவரும் உண்டு. 1930-களிலிருந்து அங்கே வாழும் குஜராத்திக் குயவர்கள் விளக்கும் பானையும் பூந்தொட்டியும் செய்பவர்கள். மண் பொதுவானது, அச்சு பொதுவானதன்று. அச்சுகள் குடும்பச் சொத்து. ஒரு முகத்தின் அமைப்பை அடுத்த தலைமுறைக்குக் கடத்தும் ஏடு. ஆகவே அந்தக் கேள்வி சற்று அவசரமானது. ஆயினும் பழுதுபார்ப்பு வேறு செய்தி. மாட்டுங்காவில் உடைந்த பொம்மைக்கு இன்று கிடைக்கும் மருத்துவம் எம்-சீலும் ஃபெவிகாலும் நகப்பூச்சும்தான். மண்ணறிந்த கைகள் இரண்டு கிலோமீட்டரில் இருக்கும்போது அவர்களைப் பழுதுபார்க்கப் பழக்கும் முயற்சியை எந்தச் சபாவேனும் ஒரு கோடை விடுமுறையில் நடத்திப் பார்க்கலாம்.

பொதி கட்டுவதும் பொம்மைத் தொழிலின் பகுதியே என்பதை ஆய்வுகள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. அச்சு, சூளை, வண்ணம் வரை எழுதுகிறார்கள்; வைக்கோலில் நிறுத்துகிறார்கள். கைகளும் கழுத்தும் சுமை தாங்காதபடி எடை முழுதும் அடிப்பீடத்தில் இறங்க வேண்டும். நீட்டிய கைக்கும் உடலுக்கும் இடையே உள்ள வெளியை முதலில் பஞ்சால் நிரப்ப வேண்டும், பிறகே வெளிச்சுற்று. குமிழித்தாளை நேரே வண்ணத்தின்மேல் சுற்றினால், காய்ந்து சில நாளே ஆன வண்ணத்தில் வட்ட வட்டமாகத் தடம் பதியும். இடையில் நைந்த பருத்தித் துணி வேண்டும். தூக்கும்போது ஒரு கை பீடத்தின் அடியில், மறு கை முதுகில். தலையையோ கையையோ பிடிப்பதில்லை. பரணிலிருந்து ஆண்டுக்கொரு முறை இறக்கி, பழைய வேட்டித் துணியில் சுற்றி மீண்டும் ஏற்றும் வீடுகளில் இவ்வறிவு எழுதப்படாமல் வாழ்ந்தது. இணையவழியில் வாங்கும் தலைமுறைக்கு அது கைமாறவில்லை.

பொதியைக் கட்டும்போது நாடாவைச் சுற்றிச் சுற்றி ஒட்டுவது இன்றைய பழக்கம். சோதனை மேசையில் காவலர் அதைக் கத்தரித்தபின் மூட வழியிராது. பழைய முடிச்சே அங்கே உதவுகிறது: ஒரு நுனியை இழுத்தால் அவிழ்ந்து, பொம்மையை இதற்குமுன் பார்த்திராத ஒருவரின் கையாலும் மறுபடி கட்டிவிடக் கூடிய சுருக்கு.